முன்பக்க இடது ஹோஸ்

எந்த வண்டிக்குன்னு கேக்கறீங்க. கேக்கோணும்தானுங்க அம்மிணி, வண்டி தெரியாம ஹோஸ் எப்படிக் குடுப்பீங்க. இந்தாங்க, சீட்டுல எழுதியே கொண்டாந்திருக்கறேன். வெள்ளைக் காரு, சின்னது, டர்போ வெச்சது, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்கு. ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் ஹோஸ் நாலு. பேடு முன்னாடிக்கு ஒரு செட்டு, பின்னாடிக்கு ஒரு செட்டு. வெளிய எட்டிப் பாக்காதீங்க, நான் ஆட்டோவுல வந்தேன். காரு என்னோடது இல்லை. சாயிபாபா காலனியில ஒரு டீக்கடை வாசல்ல பாத்தேன், யாரோ ஒரு பையனோடது. நாளைக்கு இங்க கொண்டாரச் சொல்லியிருக்கறேன். மாட்டிக் குடுத்துருங்க, அவன்கிட்ட ஒண்ணும் வாங்காதீங்க.

அவன் எனக்கு என்ன ஒறவுன்னு பாக்கறீங்களா. ஒறவு ஒண்ணும் இல்லீங்க. பேரு கூடக் கேட்டுக்கலை. சைலன்சர் சத்தம் கேட்டுச்சு, போயி நின்னேன். "தம்பி, இஞ்சினுக்கு என்னென்ன பண்ணியிருக்கறே?"ன்னேன். வாயெல்லாம் பல்லா அரை மணி நேரம் சொன்னான். "பிரேக்குக்கு?"ன்னேன். தலையைச் சொறிஞ்சான். எல்லாப் பசங்களும் அப்படித்தான் சொறியறாங்க. இவன் பன்னெண்டாவது பையன். பதினோரு வண்டிக்கு மாட்டியாச்சு. பசங்க எனக்கு "பிரேக் மாமா"ன்னு பேரு வெச்சிருக்கறாங்களாம். கிறுக்குப் புடிச்ச ஆளு, போயி நின்னா வாங்கிக் குடுப்பாருன்னு ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக்கறாங்களாம். சொல்லிக்கட்டும். மாட்டுனாச் சரி.

அய்யோ, அந்தப் பெட்டி வேண்டாமுங்க. அது ரேசுக்கான பேடு. சூடேறுனாத்தான் புடிக்கும். காலையில வீட்டுல இருந்து எடுத்து மொத முக்குல மிதிச்சா, வழுக்கிட்டுப் போகும். பேரைப் பாத்து மயங்கி பசங்க அதைத்தான் கேப்பாங்க, குடுத்துறாதீங்க. ரோட்டுல ஓட்டறவனுக்குப் பச்சைத் தண்ணியாட்டக் குளுந்து கெடக்கறப்பவே புடிக்கிற பேடு வேணும். ஹோஸும் அப்படித்தான். ரப்பர் ஹோஸுக்கு வயசாயிருச்சுன்னா, மிதிக்கறப்ப வயிறு ஊதும். நம்ம மிதிச்ச மிதியில பாதி அந்த ஊதலுக்கே போயிரும். மேல ஸ்டீல் பின்னல் இருந்தா ஊதாது, மிதி மொத்தமும் சக்கரத்துக்குப் போகும். சிரிக்கறீங்க. உங்ககிட்டயே வந்து பாடம் எடுக்கறேன் பாருங்க. ஒரு வருசத்துக்கு முன்னாடி எனக்கு இதுல ஒரு எழுத்துத் தெரியாது அம்மிணி. தெரிஞ்சிருந்தா இங்க வந்து நிக்க மாட்டேன்.

ஹோஸு உள்ள அளவு பாத்து வெட்டோணுமா? வெட்டுங்க. நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். இந்தக் கடைக்கு இப்பத்தான் மொதத் தடவை வர்றேன். எப்பவும் காந்திபுரத்துல வாங்குவேன், அங்க சரக்கு இல்லைன்னு இங்க அனுப்பிச்சாங்க. நீங்களே வெட்டி, முனையில வளையம் வெச்சு அழுத்தி, டெஸ்டும் பண்ணிக் குடுப்பீங்களாமே. அதைக் கேட்டதும் இதையும் எடுத்துட்டு வந்தேன். இந்தப் பொட்டலத்தை. ஒண்ணும் இல்லீங்க, ஒரு பழைய ஹோஸு. மொதல்ல பையனோடதை முடிங்க.

என்ற பேரு சென்னியப்பனுங்க. கணபதியில பவுண்டரி வெச்சிருக்கறேன், இரும்பை உருக்கி பம்புக்கு உடம்பு வாக்கறோம். முப்பத்தி ரெண்டு வருசம் ஆச்சு. எங்க பவுண்டரியில ஒரு வழக்கம் உண்டு. வாத்து எடுத்த ஒவ்வொரு உடம்பையும் வாயை அடைச்சு, உள்ள தண்ணியை அழுத்தி, மீட்டர் முள்ளைப் பாத்துட்டு உக்காந்திருப்போம். முள்ளு எறங்குனா எங்கியோ கசியுதுன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத துளையா இருந்தாலும் முள்ளு காட்டிக் குடுத்துரும். எறங்காம நின்னாத்தான் சாக்பீஸ்ல டிக்கு போடுவோம். டிக்கு இல்லாம ஒரு உருப்படி கேட்டைத் தாண்டாது.

எனக்கு ஒரே பையன். தரணிதரன். தரணின்னு கூப்புடுவோம். இருந்தான்.

போன ஆனி மாசத்துல கோத்தகிரி ரோட்டுல போயிட்டானுங்க. பிரேக்கு புடிக்கலை. அந்தப் பிரேக்குக்கு நாந்தான் காரணம். இதை நான் யாருகிட்டயும் மறைச்சதில்லை அம்மிணி. பெத்த பையனை நாந்தான் கொன்னேன். ஒரம்பரை, சொந்தபந்தம் முன்னாடியும் சொன்னேன், போலீஸ் ஸ்டேசன்லயும் சொன்னேன். எழுதிக்கங்கன்னேன், எழுத மாட்டேன்னுட்டாங்க.

எப்படின்னு சொல்றேன். அவனுக்குக் காருன்னா உசுரு. நானும் ஒண்ணும் கஞ்சன் இல்லீங்க. இஞ்சினுக்கு டர்போ வேணும்னான், போட்டுக் குடுத்தேன். என்னமோ கம்ப்யூட்டர்ல தட்டி வேகத்தை ஏத்தோணும்னான், அதுக்கும் சரின்னேன். அதுக்கு மேல ஒரு நாள் சாப்புட உக்காந்தப்ப கேட்டான். என்ற சம்சாரம் சாந்தாமணிதான் தோசை போட்டுட்டு இருந்தா. "அப்பா, பிரேக்கு மாத்தோணுங்கப்பா. ஹோஸும் பேடும். இஞ்சினை ஏத்திட்டு பிரேக்கைப் பழசாவே வெச்சிருக்கறது தப்புங்கப்பா"ன்னான். "கம்பெனிக்காரன் முட்டாளா? அவன் போட்ட பிரேக்கு போதும்"னேன். "கம்பெனிக்காரன் போட்டது பழைய வேகத்துக்குங்கப்பா"ன்னான். "அப்ப மெதுவாப் போ"ன்னுட்டேன். சாந்தாமணி கூட, "நிக்கறதுக்குத்தானுங்க கேக்கறான், போறதுக்கா கேக்கறான்?"னா. "மொதல்ல ஆறு மாசம் பவுண்டரியில ஒழுங்கா நிக்கட்டும், அப்பறம் பாக்கலாம்"னு கையைக் கழுவிட்டு எந்திரிச்சுட்டேன். அவன் அதுக்கு மேல கேக்கலை. அடுத்த மாசம் போயிட்டான். இதுல வேற என்ன ரோசனை பண்றதுக்கு இருக்குது, சொல்லுங்க. கேட்டான், நான் குடுக்கலை, செத்துப் போனான்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. காலையில பவுண்டரியில ஒரு சின்னப் பேச்சு. அப்பன் மகனுக்குள்ள வர்றதுதான், அது இருக்கட்டும். மத்தியானம் ஒரு மணிக்கு மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மேல ஏறியிருக்கறான், கோத்தகிரி போய்த் திரும்பி எறங்கியிருக்கறான். நல்ல வெயில். மழை இல்லை, பனி இல்லை. பதினெட்டு வயசுல இருந்து அந்த ரோட்டுல ஓட்டறவன், ஒவ்வொரு வளைவும் அவனுக்கு மனப்பாடம். ஒரு வளைவுல திரும்பவே இல்லை, நேராப் போயிருச்சு.

அந்த வளைவுல பலாச்சுளை விக்கிற அம்மா ஒண்ணு. அதுதான் பாத்துச்சு. நான் போயிக் கேட்டேன். "காரு சத்தமே போடலீங்க சாமி, கிறீச்சுன்னு ஒண்ணும் கேக்கலை. பின்னாடி செவப்பு லைட்டும் எரியலை"ன்னு சொல்லுது. வெட்ட வெயில்ல பிரேக் லைட்டு எரிஞ்சுதா அணைஞ்சுதான்னு யாருக்குத் தெரியும்? அதுக்கு சுளை உரிக்கிற வேலை, அதைப் பாக்குமா, லைட்டைப் பாக்குமா. பல்பு பீசாகியும் இருக்கலாம். ரோட்டுல டயர் தேஞ்ச கோடு இல்லைன்னு போலீஸ்காரங்க சொன்னாங்க. பிரேக்கு புடிச்சாத்தான கோடு விழும்? இவ்வளவு சுலுவான விசயம் யாருக்கும் புரிய மாட்டேங்குது. வண்டி இன்ஸ்பெக்டர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, கோளாறு எதுவும் இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அவருக்கு என்ன அவசரமோ.

பெனடிக்ட்டுன்னு ஒருத்தன். சிங்காநல்லூர்ல ஒர்க்‌ஷாப்பு, தரணியோட மெக்கானிக்கு. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தான். என்ற கையைப் புடிச்சுட்டு, "அய்யா, நீங்க உங்களையே பழி சொல்லிக்காதீங்க. பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சுங்கய்யா, நானே..."ன்னு ஆரம்பிச்சான். எனக்கு எங்கிருந்து அந்தக் கோவம் வந்துச்சுன்னு தெரியலை. "வாயை மூடு, வெளிய போடா"ன்னுட்டேன். பந்தியில உக்காந்தவங்க எல்லாம் எலையை விட்டு எந்திரிச்சுட்டாங்க. தன் ஒர்க்‌ஷாப்பு பேரு கெட்டுறக் கூடாதுன்னு பேசறான், எனக்குத் தெரியாதா? அப்பறம் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தான். கேட்டைத் தொறக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். சாந்தாமணி, "அவன் சொல்றதையாவது கேளுங்களே"ன்னா. "உனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னேன். அவ இப்ப பொள்ளாச்சியில அவ தங்கச்சி வீட்டுல இருக்கறா. இந்த வீட்டுல உங்களோட சேந்து அழவும் முடியலை, தனியா அழவும் முடியலைன்னு சொல்லிட்டுப் போனா.

அதுக்கப்பறம் வீட்டுல நான் ஒருத்தன்தான். ஒரு விசயம் சொல்றேன், சிரிக்காதீங்க. சோத்துக்கு உக்காந்தா என்ற வலது காலு தானா மேசைக்கடியில அழுத்துது அம்மிணி. பிரேக்கை மிதிக்கிற மாதிரி. தூக்கத்துல கூட மிதிக்கறேன் போல, காலையில எந்திரிச்சாக் கெண்டைக்கால் கட்டிக் கெடக்குது. அந்தக் காரு எனக்கு முன்னாடி நிக்காமப் போயிட்டே இருக்குது, நான் இங்க இருந்து மிதிச்சுட்டே இருக்கறேன். அவன் மிதிக்காததையெல்லாம் நான்...

அவன் மிதிச்சான். மிதிச்சுத்தான் இருக்கறான். புடிக்கலை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முடிஞ்சுதுங்களா நாலும்? அழகா இருக்குது. சரி, இப்ப இதைப் பாருங்க. வண்டியை மேட்டுப்பாளையத்துல ஒரு யார்டுல போட்டிருந்தாங்க. ஸ்பேனரை எடுத்துட்டு நானே போயி, முன்பக்கம் இடது சக்கரத்து ஹோஸைக் கழட்டிட்டு வந்தேன். மத்தது எல்லாம் நசுங்கி உள்ள மாட்டிட்டு இருந்துச்சு, இது ஒண்ணுதான் முழுசா வந்துச்சு. வேட்டித் துணியில சுத்தி பீரோவுல வெச்சேன். அன்னைக்கு வெச்சது, இன்னைக்கு வரைக்கும் பிரிக்கலை. பவுண்டரியில டெஸ்டு பெஞ்சு என்ற மேசையில இருந்து பத்தடி. ஏனுங்க நீங்களே பண்ணலைன்னு கேக்காதீங்க. கை வரலை.

நீங்களே பிரிங்க.

மண்ணு அப்பிக் கெடக்குது, தொடச்சுக்கங்க. கறுப்பா இருக்குது பாருங்க, ரப்பரு. கம்பெனியில வந்தப்ப போட்டதே. இத்தனை வேகத்துக்கு இது தாங்குமா? எங்கியோ ஒரு விரிசல் இருக்கும், நீங்க பாத்தாத் தெரிஞ்சுரும். எதுக்கு நகத்தால சொரண்டறீங்க?

என்ன அது பளபளன்னு?

இல்லீங்க. ரப்பருதான் அது. ஸ்டீல் மேல கறுப்புப் பிளாஸ்டிக் தோல் போட்டு வருமா? பதினோரு வண்டிக்கு வாங்கியிருக்கறேன், அப்படி ஒண்ணை நான் பாத்ததில்லை. எல்லாம் வெள்ளி நெறத்துலதான் குடுத்தாங்க. கறுப்பு, கேட்டாத்தான் போடுவீங்களா. கேட்டு வாங்கறவங்களுக்கா.

அந்த வளையத்துல என்ன எழுதியிருக்குது? என்ற கண்ணாடி வீட்டுல கெடக்குது, படிங்க. நம்பரா? யாரு நம்பரு? இந்தக் கடை நம்பரா?

சித்த இருங்க. தப்பாப் பாத்திருப்பீங்க. நோட்டை எடுக்கறீங்களா, எடுங்க. ஆனி மாசம்... ஜூன்லயா இருக்கும், ஜூலையிலயா இருக்கும்.

செவ்வாக்கெழமை. பேரு படிங்க. சத்தமாப் படிங்க.

ம்.

உங்களுக்கு ஞாபகம் இருக்குதா அவனை? ஒல்லியா, நெத்தியில ஒரு தழும்பு. மத்தியானம் வந்தானா. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தானா. எங்க, இந்த ஸ்டூல்லயா?

நான் எந்திரிச்சுக்கறேன். இல்லை, பரவாயில்லீங்க, நின்னுக்கறேன்.

காசு ஏது அவனுக்கு? மோதிரத்தைக் குடுத்துட்டு வந்தேன்னு சொன்னானா. பாருங்க, மார்ச்சுவரியில குடுத்த பொட்டலத்துல மோதிரம் இல்லை. நான் அந்த போலீஸ்காரங்களைத் திருடனுகன்னு வைஞ்சேன். அதுல ஏட்டு ஒருத்தரு எனக்கு ஒரு சோடா வாங்கிக் குடுத்தாரு. அப்ப அந்தப் பெனடிக்ட்டு, "நானே"ன்னு ஆரம்பிச்சது... "நானே மாட்டுனேன்"னு சொல்ல வந்திருப்பான். புதன்கிழமை மாட்டியிருப்பான்.

தரணி வேற ஏதாச்சும் பேசுனானா? இவ்வளவு நேரம் உக்காந்திருந்திருக்கறானே. சொல்லுங்க, நான் அழ மாட்டேன்.

"எங்கப்பா இதுவரைக்கும் என்ற காருல ஏறினதில்லை, பயம் அவருக்கு, இதை மாட்டிட்டு ஒரு நாள் உக்கார வெச்சு ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போகோணும்"னு சொன்னானா.

சொன்னானுங்களா.

அம்மிணி, செவ்வாக்கெழமை இங்க உக்காந்து பிரேக்கு வாங்குனவன், வெள்ளிக்கெழமை அதை மிதிக்காம இருப்பானா? நீங்களே சொல்லுங்க. ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போகோணும்னு சொன்னவன். மூணே நாளு. மூணு நாளுல என்ன ஆயிரும் ஒரு மனுசனுக்கு?

ஒண்ணும் ஆகலை. பவுண்டரியில ஒரு பேச்சு, அவ்வளவுதான். டெஸ்டு பாக்கற வேலையை அவனுக்குக் குடுத்திருந்தேன். செவ்வாக்கெழமை மத்தியானம் முப்பது உருப்படியை டெஸ்டு பண்ணாமயே டிக்கு போட்டு அனுப்பிச்சுட்டான். எங்க போனேன்னு கேட்டா வாயைத் தொறக்கலை. இங்கதான் இருந்திருக்கறான், இப்பத்தான தெரியுது. வெள்ளிக்கெழமை காலையில முப்பதும் கசிஞ்சு திரும்பி வந்துருச்சு. முப்பத்தி ரெண்டு வருசத்துல எனக்கு ஒரு உருப்படி திரும்புனதில்லைங்க. எனக்கு எப்படி இருக்கும்? வேலையாளுக அத்தனை பேரும் நின்னாங்க. சம்மட்டியை அவன் கையில குடுத்து, முப்பதையும் உடைன்னேன். உடைச்சான். ஒவ்வொண்ணா உடைச்சான். எங்க வாப்பு ஆளு மாரப்பன், "விடுங்க, பையன் பாவம்"னு சொன்னாரு. நான் விடலை. "ஓட்டை உருப்படியை உருக்கி மறுபடியும் வாத்துக்கலாம். உன்னைய உருக்கி எதுலடா வாக்கறது?"ன்னு கேட்டேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் கேட்டேன்.

கையைக் கழுவிட்டு வந்தான். "நான் போகட்டுங்களாப்பா?"ன்னான். நான் நிமுந்து பாக்கலை. "நீ இருந்தா என்ன, போனா என்ன"ன்னேன்.

கோவத்துல சொல்றதுதானுங்க. எந்த அப்பன் சொல்லாம இருக்கான். எங்கப்பா என்னைய இதை விடச் சொல்லியிருக்கறாரு, நான் போயி ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்துட்டேன். அவனும் அப்படித்தான் போனான். ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு போனான். எறங்கறப்ப பிரேக்கு புடிக்கலை. இதுல பேச்சுக்கு எங்க எடம் இருக்குது?

வாங்கிக் குடுக்காதது நானு. அதை நான் ஒத்துக்கறேன், சாகற வரைக்கும் ஒத்துக்கறேன். என்ற பையன் பழைய பிரேக்கோட போயிட்டான்... பழசு இல்லை. சரி, புதுசு. புதுசுலயும் ஓட்டை வரும் அம்மிணி. உங்க கடையைக் குத்தம் சொல்லலை, ஒரு வழக்கும் போட மாட்டேன், எழுதிக் குடுக்கறேன் வேணும்னா. நூத்துல ஒண்ணு தப்பும். எனக்கே தப்புச்சே, முப்பது.

டெஸ்டு பண்ணலாமான்னு கேக்கறீங்க. கண்ணுல எதுக்கு உங்களுக்குத் தண்ணி? பண்ணுங்க. அதுக்குத்தான கொண்டாந்தேன். மாட்டுங்க பெஞ்சுல. கொஞ்சமா வேண்டாம், முழு அழுத்தமும் குடுங்க. அவன் மிதிச்சிருந்தா எவ்வளவு மிதிச்சிருப்பானோ அவ்வளவு குடுங்க.

ஏறுதா. ஏறட்டும். இன்னும் ஏத்துங்க. போதுமா, சரி, வால்வை மூடிருங்க. நான் முள்ளைப் பாக்கறேன். கண்ணாடி இல்லாட்டியும் முள்ளு எனக்குத் தெரியும், முப்பத்தி ரெண்டு வருசமா இதைத்தான பாக்கறேன்.

இத்தனை வருசமா ஒவ்வொரு உருப்படிக்கும் எறங்கக் கூடாதுன்னு வேண்டிட்டு உக்காந்திருப்பேன்.

எறங்குதா? எனக்கு எறங்கற மாதிரித் தெரியுது. இல்லையா. நீங்க கிட்டப் போயிப் பாருங்க. மயிரிழையாச்சும்?

மீட்டரைக் கொஞ்சம் தட்டுங்க, சில சமயம் முள்ளு சிக்கிக்கும்.

அஞ்சு நிமிசம் ஆச்சா? அஞ்சு நிமிசம் பத்தாதுங்க. கடை சாத்தற நேரம் ஆயிருச்சுன்னாச் சொல்லுங்க, நான் வெளிய படியில உக்காந்துக்கறேன், கழட்ட மட்டும் கழட்டிறாதீங்க. இன்னும் சித்த நேரம் பொறுங்க அம்மிணி. எறங்கும்.